தையல் பிரித்த பிறகு

அமெரிக்காவில் 15 மாதப் பெண் குழந்தை ஒன்றின் மேல் வண்டி ஏறிவிட்டது. குழந்தை பிழைத்துக்கொண்டது. சில நாட்களிலேயே பழையபடி ஆகிவிட்டதாகவும் தெரிந்தது. மூன்று வயதில்தான் பெற்றோருக்கு முதல் சந்தேகம் வந்தது. திட்டினாலும் தண்டித்தாலும் அவளிடம் எதுவும் ஏறவில்லை. பள்ளியில் கெட்டிக்காரி என்றார்கள், ஆனால் கொடுத்த வேலையை முடிப்பதே அபூர்வம். பிறகு பொய், திருட்டு, வீட்டை விட்டு ஓடுவது என்று வளர்ந்துகொண்டே போய், 14 வயதில் சிகிச்சை இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. பெற்றோர் படித்தவர்கள், நிதானமான குடும்பம். உடன்பிறந்தவர்களிடம் இப்படி எதுவுமில்லை.

அவருக்கு 20 வயதானபோது ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஆண்டர்சன், ஹன்னா டமாசியோ, அன்டோனியோ டமாசியோ உள்ளிட்ட குழு அவரைச் சோதித்துப் பார்த்தது. மூளைப் படத்தில், நெற்றிக்குப் பின்னாலுள்ள முன் மடலில், இருபுறமும் பழைய காயம் இருந்தது. அறிவுத்திறன் தேர்வில் குறை ஏதுமில்லை. ஆனால் 'இப்படி ஒரு சிக்கல் வந்தால் எது நியாயம், ஏன்?' என்று கேட்கும் தேர்வில் அவருடைய பதில்கள் பத்து வயதுப் பிள்ளையின் பதில்களைப் போல இருந்தன. 'மாட்டிக்கொள்வோமா, மாட்டோமா' என்பதைத் தாண்டி யோசனை போகவில்லை. பச்சிளம் வயதில் அதே பகுதியில் கட்டி அகற்றப்பட்ட இன்னொருவரிடமும் இதே கதை. 1999-இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் இந்த ஆய்வு வெளியானது.

வளர்ந்த பிறகு அதே இடத்தில் அடிபடுபவர்களும் தடம் மாறிப்போவதுண்டு. 1848-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை போடும்போது கம்பி மண்டையைத் துளைத்துப் போன ஃபினியஸ் கேஜ் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெரிய வயதில் அடிபட்டவர்களிடம் அந்த நியாயத் தேர்வை வைத்தால் விடையைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். வாழ்க்கையில்தான் கடைப்பிடிக்க முடிவதில்லை. 15 மாதத்தில் அடிபட்டவருக்கோ அந்த விடையே தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம், கற்கும் வயது வருவதற்கு முன்பே போய்விட்டது.

இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாது. முன் மடலில் அடிபட்ட குழந்தைகள் எல்லோரும் இப்படி ஆவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். இந்த ஆய்வு காட்டும் கால இடைவெளிதான் நமக்கு முக்கியம். அடிபட்டது ஒன்றேகால் வயதில், அடையாளம் தெரிந்தது மூன்று வயதில், முழு அளவு விளங்கியது பருவ வயதில். நடுவில் 'சரியாகிவிட்டது' என்ற தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. குழந்தைகளின் மூளைக்காயத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்: அந்தத் தீர்ப்பை நாம் மிகச் சீக்கிரமாக எழுதிவிடுகிறோம்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். இவ்வளவு கனமான தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகளோ மெலிந்தவை. அதனால்தான் சின்னக் குழந்தை எங்கே தவறினாலும் தலை முதலில் போகிறது. மண்டையோடு மெல்லியது, தகடுகள் இன்னும் ஒன்று சேரவில்லை. உச்சிக்குழி மூடுவதற்கே பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதாகிவிடும். இந்த நெகிழ்வில் கொஞ்சம் லாபமும் உண்டு. உள்ளே வீக்கம் வந்தால் விரிந்து கொடுக்க இடமிருக்கிறது. ஆனால் அதே நெகிழ்வு அடியை உள்ளே இறக்கியும் விடுகிறது.

உள்ளே இருப்பதோ இன்னும் மென்மையானது. பாத்திரத்தில் உறைந்த தயிரை எடுத்துக்கொண்டு போகிறவர் சட்டென்று நின்றால் பாத்திரம் நின்றுவிடும், தயிர் நிற்காது. அரைகுறையாக உறைந்த தயிர் என்றால் இன்னும் மோசம். குழந்தையின் மூளையில் நீர்ச்சத்து அதிகம், நரம்பு இழைகளைச் சுற்றி வரவேண்டிய மயலின் என்ற கொழுப்புறை பல இடங்களில் இன்னும் வரவில்லை. தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது மேலடுக்கு ஒரு வேகத்திலும் ஆழத்தில் இருப்பது வேறு வேகத்திலும் நகர, நடுவே ஓடும் இழைகள் இழுபட்டு நைந்துபோகின்றன. இந்தப் பரவலான இழைக் காயம் சாதாரண சிடி ஸ்கேனில் பல நேரம் தெரிவதேயில்லை. 'ஸ்கேன் நார்மல்' என்ற வார்த்தைக்கு 'ரத்தக் கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை' என்பதுவரைதான் பொருள்.

கைக்குழந்தையைக் கோபத்தில் பிடித்து உலுக்குவது இந்தக் காரணத்தால்தான் உயிரைப் பறிக்கிறது. வெளியே சிராய்ப்புகூட இல்லாமல் மண்டைக்குள் ரத்தம் கசிவது இதனால் இருக்கலாம் என்று இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச் 1971-இல் எழுதினார். மடியில் வைத்து ஆட்டுவதையும் தூளியில் ஆட்டுவதையும் இதோடு சேர்க்க வேண்டியதில்லை. தலை நிற்காத குழந்தையின் தோளைப் பிடித்து வெறியோடு உலுக்குவது வேறு.

அடி விழுந்த நொடிக்குப் பிறகு நடப்பது வேதியியல். நைந்த நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது, குளுட்டமேட் என்ற தூண்டுபொருள் கட்டுப்பாடில்லாமல் சுரக்கிறது. எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ள அணுக்கள் சர்க்கரையை வேக வேகமாக எரிக்கின்றன. ஆனால் ரத்த ஓட்டமோ அந்த நேரத்தில் குறைந்துவிடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய இந்த நெருக்கடி முடிந்ததும் மூளை சில நாட்கள் மந்தமாகிவிடுகிறது. கலிஃபோர்னியாவில் கிறிஸ்டோபர் கீசாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001-இல் தொகுத்துச் சொன்ன இந்தத் தொடர்நிகழ்வுதான், நினைவு தப்பாமலேயே ஏற்படும் லேசான மூளை அதிர்ச்சியையும் விளக்குகிறது. பந்து தலையில் பட்ட பையன் 'ஒன்றுமில்லை' என்று எழுந்துவிடுகிறான், மாலையில் வெளிச்சம் கூசுகிறது, மறுநாள் வகுப்பில் எழுத்து மங்குகிறது. அந்த நாட்களில் இரண்டாவது அடி விழுவதுதான் ஆபத்து. அப்படி அடிபட்ட பள்ளி மாணவர் ஒருவரின் கதையை முன்வைத்து 2009-இல் வாஷிங்டன் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றே ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும், மருத்துவத் தகுதியுள்ளவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறங்கக் கூடாது. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இதைப் போன்ற சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டன. நம் பள்ளி மைதானங்களில் கபடியிலும் கால்பந்திலும் மண்டையோடு மண்டை மோதுவதை யாரும் எழுதிக்கூட வைப்பதில்லை.

ஓய்வு என்றால் இருட்டறையில் படுக்க வைப்பது என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். அது தவறு என்பது இப்போது தெரிந்துவிட்டது. விஸ்கான்சினில் 11 முதல் 22 வயதுவரை உள்ள 88 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 5 நாள் கடும் ஓய்வும் மற்றவர்களுக்கு வழக்கமான ஓரிரு நாள் ஓய்வும் சொன்னார்கள். கடும் ஓய்வில் இருந்தவர்களே அதிகத் தொந்தரவு சொன்னார்கள். 2015-இல் வந்த ஆய்வு இது. பஃபலோவில் ஜான் லெடி குழு 2019-இல் இன்னும் ஒரு படி போனது. தலைவலி கூடாத அளவுக்கு மிதமான உடற்பயிற்சி செய்த வளரிளம் பருவத்தினர் 13 நாளில் தேறினார்கள், வெறும் தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல நடை, படிப்பு. மோதல் உள்ள விளையாட்டு மட்டும் கடைசியில்.

விழுந்த குழந்தையைத் தூங்க விடக் கூடாது என்று எந்தத் தெருவிலும் ஒரு பாட்டி சொல்வார். பாட்டியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசியும்போது, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரம் கழித்து மயங்குவதுண்டு. தூக்கம் என்று நினைத்திருப்பது மயக்கமாக இருந்துவிடுமோ என்பதுதான் கவலை. ஆனால் தூக்கம் மூளையைக் கெடுப்பதில்லை. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை தன் வழக்கமான நேரத்தில் தூங்கட்டும், நடுவே எழுப்பினால் சிணுங்கிக்கொண்டு விழிக்கிறதா என்று பார்த்தால் போதும். எழுப்ப முடியவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை தொய்வு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர், இவற்றில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் எதுவும் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது மேல்.

ஆஸ்பத்திரியில் முதலில் போடுவது ஒரு எண். கிளாஸ்கோ நகரத்தில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனட்டும் 1974-இல் உருவாக்கிய அளவுகோல் அது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 3 முதல் 15 வரை வரும். பேசத் தெரியாத குழந்தைக்கு என்ன போடுவது? மழலைக் குரல் எழுப்பினால் முழு மதிப்பெண், சமாதானமாகாமல் அழுதால் ஒன்று குறைவு, வலிக்கு மட்டும் அழுதால் இன்னும் குறைவு என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். அழுகையைக் கேட்டு மதிப்பெண் போடும் கலை, பெரியவர்களையே பார்த்துப் பழகிய டாக்டருக்கு லேசில் வருவதில்லை. அந்த அழுகை வழக்கமானதா இல்லையா என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் சிடி ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு வட அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து பதில் தேடின. நேதன் குப்பர்மன் தலைமையில் 42,412 குழந்தைகளைப் பார்த்தார்கள், 2009-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அளவுகோலில் 14, 15 வாங்கிய இந்தக் குழந்தைகளில் கவலைப்படும்படியான மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு. ஆனால் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தது. வளரும் உடலுக்குக் கதிர்வீச்சு நல்லதில்லை என்பதால் யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று ஒரு வரைமுறை வகுத்தார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பட்டியலில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு: குழந்தை வழக்கம்போல் இல்லை என்று பெற்றோர் சொல்வது. அதுவும் மருத்துவ அறிகுறியாகவே எண்ணப்படுகிறது. இன்னொன்று, நெற்றியில் புடைத்தால் அவ்வளவு பயமில்லை, பக்கவாட்டிலோ பின்னாலோ புடைத்தால்தான் கவனம் வேண்டும். மூன்றடிக்கு மேலிருந்து விழுந்ததா என்பதும் கணக்கு. நம் வீட்டுக் கட்டில்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். மாடிப்படியும் கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியும் அப்படி இல்லை.

கடுமையான காயம் என்றால் ஐசியூவில் செய்வது ஏறக்குறைய ஒன்றேதான்: மண்டைக்குள் அழுத்தம் ஏறாமல், ரத்த அழுத்தம் இறங்காமல், பிராணவாயு குறையாமல் காப்பது, தேவைப்பட்டால் கசிந்த ரத்தத்தை எடுப்பது. மூளைக்காயத்தை நேரடியாக ஆற்றும் மருந்து இன்னும் இல்லை. உடலைக் குளிர வைத்துப் பார்த்தார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கு உதவும் அந்த முறை, அடிபட்ட குழந்தைகளுக்கு உதவவில்லை. 225 குழந்தைகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில் குளிர வைக்கப்பட்ட பக்கத்தில் இறப்பு சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

ஆக, குழந்தை பிழைக்கிறது, தையல் பிரிக்கிறார்கள், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீடு திரும்புகிறார்கள். 'சின்ன வயசு, சீக்கிரம் சரியாயிடும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கைக்கு விஞ்ஞானமே ஒரு காலத்தில் முத்திரை குத்தியது.

1930-களில் யேல் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கென்னார்ட் குரங்குகளின் மூளையில் கைகால் அசைவுக்கான பகுதியை அகற்றிப் பார்த்தார். வளர்ந்த குரங்குகள் முடங்கின. குட்டிகள் நடந்தன, ஏறின, பிடித்தன. இளமூளை எதையும் ஈடுகட்டிவிடும் என்ற கருத்து அவர் பெயராலேயே பிற்காலத்தில் 'கென்னார்ட் விதி' என்று வழங்கலாயிற்று. அப்படி ஒரு விதியை அவர் எழுதவில்லை. பார்க்கப்போனால், அந்தக் குட்டிகள் வளர வளரக் கைகாலில் விறைப்பு வந்ததை அவரே குறித்து வைத்திருந்தார். விதியைப் பரப்பியவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலிருக்கிறது. 1940-களிலேயே கனடாவின் டொனால்ட் ஹெப் எதிர்ப்பக்கம் நின்றார். கற்றுக்கொள்வதற்கே முன் மடல் வேண்டும் என்றால், கற்பதற்கு முன் அது போவது கற்ற பின் போவதைவிட மோசம் அல்லவா என்பது அவர் வாதம். பிறகு பிரையன் கோல்ப் எலிகளில் சோதித்தபோது விஷயம் இன்னும் சிக்கலானது. பிறந்த சில நாட்களுக்குள் அடிபட்ட எலிகள் தேறவில்லை. பத்தாம் நாளில் அடிபட்டவை அருமையாகத் தேறின. வயது இளமையா முதுமையா என்பதைவிட, அந்த நாளில் மூளை என்ன வேலையில் இருந்தது என்பதுதான் விடையைத் தீர்மானித்தது.

இளமூளையின் ஈடுகட்டும் திறன் பொய்யில்லை. பக்கவாதத்தால் இடது மூளையில் ஒரு பகுதியை இழந்த குழந்தை பேசக் கற்றுக்கொள்கிறது, வலப்பக்கம் அந்த வேலையை வாங்கிக்கொள்கிறது. ஆனால் அங்கே காயம் ஓரிடத்தில், மற்ற இடமெல்லாம் நலம். வேலையை ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறது. விபத்தில் இழைகள் எங்கும் நைந்திருந்தால் யார் யாரிடம் வேலையை ஒப்படைப்பது?

மூளையின் எடை இரண்டு வயதிலேயே பெரியவர்களின் எடையில் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது, ஆறு வயதில் பத்தில் ஒன்பது பங்கு. எடைதான் எட்டுகிறது. மயலின் உறை பின்னாலிருந்து முன்னால் படர்ந்துவந்து நெற்றிப்பக்கம் முடிவதற்கு இருபது வயதையும் தாண்டிவிடும். திட்டமிடுவது, வாயை அடக்குவது, இரண்டு வேலையை நினைவில் வைத்து ஒன்றை முடிப்பது எல்லாம் அந்தக் கடைசிப் பகுதியின் பொறுப்பு. நான்கு வயதுப் பிள்ளையிடம் இவற்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் குறை இருந்தாலும் தெரிவதில்லை. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் பக்கத்திலேயே இருந்து சொல்லிக் கொடுப்பார், தப்பித்துவிடும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், வீட்டுப்பாடத்தைத் தானே குறித்துக்கொள்ள வேண்டும், நண்பர்களின் கிண்டலைப் புரிந்துகொண்டு சிரிக்க வேண்டும். அப்போது கூட்டாளிகள் முன்னே போக, இந்தப் பிள்ளை பின்தங்குகிறது. படித்ததை மறந்து பின்னால் போகவில்லை, அடுத்த படியில் ஏற முடியவில்லை. 'சோம்பேறி', 'அடங்காப்பிடாரி', 'வயசுக் கோளாறு' என்று பட்டம் மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது. எட்டு வருடத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது யாருக்கு நினைவிருக்கப் போகிறது?

மெல்போர்னில் விக்கி ஆண்டர்சன் குழு, 2 முதல் 7 வயதுக்குள் அடிபட்ட குழந்தைகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தது. கடுமையான காயம் பட்டவர்களிடம் குறை பத்தாண்டுக்குப் பிறகும் நீடித்தது. ஆனால் இடைவெளி ஓயாமல் விரிந்துகொண்டே போகவில்லை, சில ஆண்டுகளில் ஒரு மட்டத்தில் நின்றது என்பது ஆறுதல். அமெரிக்காவின் ஒஹையோ ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். அவர்கள் ஒப்பிட்டது அடியே படாத பிள்ளைகளோடு அல்ல, கைகால் எலும்பு முறிந்த பிள்ளைகளோடு. மரம் ஏறுவது, ஓடுவது, ஆஸ்பத்திரி பயம் எல்லாம் இரு பக்கமும் சமமாகிவிடும் என்ற நல்ல யோசனை. கடுமையான மூளைக்காயம் பட்டவர்களில், வீட்டில் நெருக்கடியும் சண்டையும் உள்ள பிள்ளைகளின் நடத்தை அதிகமாகக் கெட்டது. அமைதியான வீட்டுப் பிள்ளைகள் மேலாகத் தேறினார்கள். மருந்து இல்லாத இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

நான் சொன்னதற்கு எதிரான சான்று ஒன்றும் இருக்கிறது. ஸ்வீடனில் 1973 முதல் 1985 வரை பிறந்த 11 லட்சம் பேரின் பதிவேடுகளைப் பார்த்து 2016-இல் வந்த ஆய்வில், 25 வயதுக்குள் மூளைக்காயம் பட்டவர்களுக்கு, அடிபடாத தங்கள் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டாலும்கூட, இளவயது இறப்பு, மனநலச் சிகிச்சை, படிப்பில் பின்தங்கல் எல்லாம் கூடுதலாக இருந்தன. அதுவரை சரி. ஆனால் முதல் அடி பட்ட வயது கூடக் கூட ஆபத்தும் கூடியது. சின்ன வயதில் பட்டவர்கள் ஒப்பளவில் தப்பித்திருக்கிறார்கள். பதிவேட்டில் பெரும்பாலானவை லேசான அதிர்ச்சிகள், மெல்போர்ன் காட்டியது கடுமையான காயங்களின் கதை என்பதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடாது என்று நினைக்கிறேன். லேசாக அடிபட்ட மழலை பெரும்பாலும் தேறிவிடும் என்பதை அழுத்திச் சொல்ல ஸ்வீடன் எண்கள் உதவும். கட்டிலிலிருந்து ஒருமுறை விழுந்த பிள்ளையை நினைத்துப் பத்து வருடம் பயப்பட வேண்டாம்.

நம் ஊரில் பிள்ளைகளின் தலைக்காயத்துக்கு முக்கியக் காரணங்கள் கீழே விழுவதும் சாலை விபத்தும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட யாரும் ஹெல்மெட் இல்லாமல் இரு சக்கர வாகனத்தில் போகக் கூடாது. அதற்குக் குறைந்த குழந்தைகளுக்கும் ஹெல்மெட், ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2022-இல் விதி வந்தது. எந்தப் பள்ளி வாசலிலும் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். அப்பா தலையில் ஹெல்மெட், முன்னால் நிற்கும் குழந்தையின் தலையில் எண்ணெய் மட்டும்.

அடிபட்ட பின் காப்பாற்றுவதில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். 1950-இல் பா. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது தென்னிந்தியாவில் வேலூரை விட்டால் அதற்கு வேறு இடமில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அருமையான திட்டம், உயிர் போவதும் நிற்பதும் அந்த நேரத்தில்தான். 49-ஆம் மணி நேரத்திலிருந்து பத்தாம் வகுப்புவரை உள்ள காலம்தான் யார் கணக்கிலும் இல்லை.

அமெரிக்கா 1990-இல் சிறப்புக் கல்விச் சட்டத்தில் விபத்து மூளைக்காயத்தைத் தனி வகையாகச் சேர்த்தது. அந்தப் பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் கேட்க அங்கே பெற்றோருக்கு உரிமை உண்டு. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை வரிசைப்படுத்துகிறது. அதில் இந்தப் பெயர் இல்லை. நடக்க முடியாமல் போனால் இயக்கக் குறைபாடு என்றும் பேச்சு போனால் பேச்சுக் குறைபாடு என்றும் சான்றிதழ் வாங்கலாம். கைகால், பேச்சு எல்லாம் நன்றாக இருந்து, ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க மட்டும் தெரியாத பிள்ளைக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று டாக்டர்தான் தலையைச் சொறிய வேண்டும்.

சட்டம் மாறும்போது மாறட்டும். ஐசியூவரை போய் வந்த பிள்ளை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேனையும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைப்பது இன்றே செய்யக்கூடியது. ஒவ்வொரு ஜூனிலும் புதிய வகுப்பாசிரியரிடம் ஒரு நகலைக் கொடுத்து, 'சார், இவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்க, வாயால் சொல்றதை எழுதியும் கொடுங்க, முடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் குடுங்க' என்று கேட்கலாம். ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படிப்போ பழக்கமோ திடீரென்று தடுமாறினால், டியூஷன் மாற்றுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தோடு நரம்பியல் மருத்துவரிடமோ நரம்பு உளவியலாளரிடமோ போக வேண்டும். பழைய விபத்தைப் பற்றி அவர் கேட்காவிட்டால் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.